வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே ரயிலைப் படம் பிடிக்கலாம்

புதிய ஊருக்குப் படிக்கப் போகிறவர்கள் முதல் வாரத்தில் தேடுவது மலிவான சாப்பாட்டுக் கடை, டோபி, இழுக்காமல் ஓடும் வைஃபை. கம்பாருக்கு வந்த புதிதில் நானும் அவற்றைத் தேடினேன். கூடவே இன்னொன்றையும் தேடினேன். தண்டவாளம் தெளிவாகத் தெரிய வேண்டும், யாரும் விரட்டக்கூடாது, மாலை வெயில் சரியான பக்கத்திலிருந்து விழ வேண்டும். அப்படி ஓர் இடம்.

ரயில்களைப் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. "தினமும் போற ரயில்ல அப்படி என்ன இருக்கு?" என்று அறைத்தோழிகள் கேட்பார்கள். பறவைகளைப் படம் எடுப்பவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்து இரண்டிலும் வேலை ஒன்றுதான்: வரும் நேரத்தையும் வெளிச்சத்தையும் தெரிந்துகொண்டு, சத்தம் போடாமல் காத்திருப்பது. ரயில் கொஞ்சம் நேரம் தவறாமல் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். அதுகூட எப்போதும் இல்லை.

நான் குளுவாங்கில் வளர்ந்தவள். நான் படம் எடுக்கத் தொடங்கிய காலத்தில் அங்கே ஒற்றைத் தண்டவாளமும் டீசல் இன்ஜினும்தான். கேட் மூடினால் மோட்டாரை நிறுத்திவிட்டு, ரயில் கடந்து போகும்வரை எல்லாரும் காத்திருப்போம். எந்த வளைவில் எந்த நேரம் எந்த ரயில் எப்படித் தெரியும் என்பது வீட்டுக் கொல்லைப்புறம்போல் எனக்குப் பழகியிருந்தது. கம்பாரில் அந்தப் பழக்கம் எதுவும் உதவவில்லை. இங்கே இரண்டு பாதைகள், தலைக்கு மேல் மின்கம்பிகள், இரண்டு பக்கமும் நீண்ட வேலி, லெவல் கிராசிங்குக்குப் பதில் பாலங்கள். முதல் நாள் பார்த்தபோது, 'இங்கே எங்கேதான் நின்று படம் எடுப்பது?' என்று தோன்றியது.

நிற்க நிறைய இடம் இருக்கிறது. கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. வேறு ஊருக்குப் படிக்கப் போகும் யாருக்கும், கையில் கைப்பேசி கேமரா மட்டும் இருந்தாலும், இது உதவும் என்பதால் எழுதுகிறேன். ஆனால் அந்த வேலியைப் பற்றி முதலில் பேசிவிட வேண்டும்.

வேலி எதற்கு?

கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே இ.டி.எஸ். மின்ரயில் 2010 ஆகஸ்டில் ஓடத் தொடங்கியது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரையிலான 329 கிலோமீட்டர் இரட்டைப் பாதை 2014இல் முடிந்தது. தண்டவாள அகலம் அதே பழைய ஒரு மீட்டர்தான். ஆனால் வேகம் பழைய வேகமில்லை. இ.டி.எஸ். மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடும். விநாடிக்குக் கணக்குப் போட்டால் 39 மீட்டர். அரை கிலோமீட்டர் தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிகிற ரயில் 13 விநாடியில் உங்களைக் கடந்துவிடும். ஓட்டுநர் உங்களைப் பார்த்து அவசர பிரேக் போட்டாலும், வண்டி நிற்பதற்குள் பல நூறு மீட்டர் ஓடிவிடும்.

டீசல் இன்ஜின் உறுமிக்கொண்டு வரும், தூரத்திலேயே காது சொல்லிவிடும். மின்ரயில் அப்படியில்லை. கடைசி நேரத்தில்தான் சத்தம் தெரியும். இரட்டைப் பாதையில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஒரு ரயிலுக்கு வழிவிட்டு அடுத்த பாதையில் ஒதுங்கி நிற்பவருக்கு, எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் இரண்டாவது ரயிலின் சத்தம் முதல் ரயிலின் சத்தத்தில் அமுங்கிப்போகும். மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம். அதைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, அருகில் ஏதாவது வந்தாலே பாயும். பாலத்தின் மேல் நின்று உலோக செல்ஃபி குச்சியைக் கீழே நீட்டும் படங்களைச் சமூக ஊடகத்தில் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவது சட்டப்படி குற்றம். திருமணத்துக்கு முந்திய படப்பிடிப்பு, பட்டமளிப்பு உடையில் தண்டவாளத்தின் நடுவே ஒரு படம், எல்லாம் இதில் அடங்கும். 'இந்தப் பாதையில் இப்போது ரயில் வராது' என்று சொல்லும் நண்பரை நம்பாதீர்கள். சரக்கு ரயில் அட்டவணையில் இருக்காது.

எனவே நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு ஒன்றுதான். வேலிக்கு இந்தப் பக்கம், பொதுமக்கள் நிற்க உரிமையுள்ள இடத்தில் கிடைக்கும் படம் மட்டும் போதும். இது படத்தின் தரத்தைக் குறைக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. என் அனுபவம் நேர்மாறானது. தண்டவாளத்துக்கு மிக அருகில் நின்றால் படம் முழுக்க ரயில்தான் இருக்கும். ஐம்பது, நூறு மீட்டர் தள்ளி நின்றால்தான் ஊரும் படத்துக்குள் வரும்.

மேசையில் தொடங்கும் தேடல்

கேமராவை எடுத்துக்கொண்டு கண்மூடித்தனமாகச் சுற்றுவது பெட்ரோலுக்குக் கேடு. முதலில் இணைய வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, தண்டவாளத்தின் மீது விரலை வைத்து மெதுவாக நகர்த்துங்கள். பாதையை ஒட்டி ஓடும் சாலை, பாதைக்கு மேலே போகும் பாலம், பாதை வளைகிற இடம், பக்கத்தில் திடலோ வயலோ குட்டையோ இருக்கும் திறந்தவெளி, இவைதான் நமக்கு வேண்டும். வளைவு ஏன் என்றால், நேர்ப்பாதையில் ரயில் ஒரு பெட்டிபோல் தெரியும். வளைவின் உட்பக்கம் நின்றால் முகமும் எல்லாப் பெட்டிகளும் ஒரே படத்தில் வரும்.

செயற்கைக்கோள் படத்தில் பலர் கவனிக்காத ஒன்று நிழல். மரத்தின் நிழல் நீளமாக இருந்தால் மரம் உயரம், அங்கே நின்றால் ரயில் தெரியாது. மின்கம்பத்தின் நிழலை வைத்துக் கம்பங்கள் பாதையின் எந்தப் பக்கம், எவ்வளவு இடைவெளியில் நிற்கின்றன என்று கணிக்கலாம். மின்மயப் பாதையில் நம் முதல் எதிரி அந்தக் கம்பங்கள்தான். எவ்வளவு அழகான ரயிலாக இருந்தாலும் முகத்துக்கு நேரே ஒரு கம்பம் வந்து நின்றால் படம் வீண்.

செம்பனைத் தோட்டங்களையும் கவனியுங்கள். முதிர்ந்த செம்பனை ஒரு பச்சைச் சுவர். ஆனால் பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்த நிலத்தில் கன்றுகள் வளர்ந்து உயரும்வரை சில ஆண்டுகள் பார்வை தடையில்லாமல் இருக்கும். வரைபடத்தில் அது ஒழுங்கான புள்ளிகள் போட்ட பழுப்பு நிலமாகத் தெரியும். தோட்டம் தனியார் நிலம் என்பதை மறக்க வேண்டாம். காவல் சாவடியில் கேட்காமல் உள்ளே போகக்கூடாது. சாலையோரத்தில் நின்றே அந்தத் திறந்தவெளியைப் பயன்படுத்திக்கொள்ள முடிகிற இடங்களும் உண்டு.

கிந்தா பள்ளத்தாக்கில் பழைய ஈயக் குட்டைகள் ஏராளம். காற்றில்லாத காலையில் தண்ணீரில் ரயிலின் பிம்பம் விழும் என்ற ஆசையில் நாமும் கரைக்குப் போவோம். அந்தக் கரைகள் மணற்பாங்கானவை, காலடியில் சரியும். குட்டை எவ்வளவு ஆழம் என்பது பார்த்தால் தெரியாது. நான் சாலை ஓரத்தைத் தாண்டி இறங்குவதில்லை.

சூரியன் நம் ஊரில் வேறு மாதிரி

ரயில் படம் எடுப்பது பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் இங்கிலாந்து, ஐரோப்பா, ஜப்பான் ஆட்கள் எழுதியவை. 'பாதையின் தெற்குப் பக்கம் நில், சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்' என்பார்கள். அங்கே அது சரி. சூரியன் அவர்களுக்கு எப்போதும் தெற்கே சாய்ந்துதான் போகிறது. கம்பார் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய நான்கு பாகையில் இருக்கிறது. நமக்குச் சூரியன் பாதி ஆண்டு தெற்கே, பாதி ஆண்டு வடக்கே. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் நடு மதியம், அதாவது நம் கடிகாரத்தில் 1.15 வாக்கில், அது நேர் உச்சந்தலையில் நிற்கும்.

இதனால் நமக்கு என்ன? கம்பார் வழியாகப் போகும் பாதை கிட்டத்தட்ட வடக்கு தெற்காக ஓடுகிறது. ஜூன் மாதத்தில் சூரியன் வடகிழக்கே உதித்து வடமேற்கே மறையும். எனவே காலையோ மாலையோ, ஈப்போவை நோக்கி வடக்கே போகும் ரயிலின் முகத்தில் வெயில் படும். தெற்கே கோலாலம்பூரை நோக்கிப் போகும் ரயிலின் முகம் இருண்டிருக்கும். டிசம்பரில் இது தலைகீழ். தெற்கே போகும் ரயிலின் முகம் பளிச்சென்று இருக்கும், வடக்கே போவது நிழலில் வரும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் வெயில் பக்கவாட்டில் மட்டுமே விழும். ஒரே இடம், ஒரே ரயில், ஆறு மாதத்தில் வேறு படம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் சுவரில் இருக்கும் நாள்காட்டியில் தேர்வுத் தேதிகளுக்குப் பக்கத்திலேயே 'வடக்கு', 'தெற்கு' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இரட்டைப் பாதையில் நம் சாலைகளைப் போலவே ரயில்களும் இடப்பக்கம் போகின்றன. அப்படியென்றால் மேற்குப் பக்கம் நிற்பவருக்கு வடக்கே போகும் ரயில் அருகில், தெற்கே போவது தூரத்தில். படத்துக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை ரயில் வருவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளலாம்.

கம்பாரில் இன்னொரு விஷயம் மலை. ஊருக்குக் கிழக்கே குனோங் பூஜாங் மலாக்கா பெரிய சுவராக நிற்கிறது. சூரியன் ஏழேகாலுக்கு உதித்தாலும், மலையைத் தாண்டி ஊருக்குள் எட்டிப் பார்க்க நேரம் பிடிக்கும். அதற்குள் அந்த மென்மையான பொன்னிற வெளிச்சம் போய்விடும். நம் பகுதியில் சூரியன் செங்குத்தாக ஏறுவதால் நல்ல வெளிச்சம் ஒரு மணி நேரம் நீடித்தாலே அதிகம். ஆனால் மாலையில் மேற்கே தடையில்லை. ஐந்தரை மணிக்குப் பாதையின் மேற்குப் பக்கம் நின்று கிழக்கே பார்த்தால், ரயில் முன்னால், வெயில் விழுந்த பச்சை மலை பின்னால். இந்த ஊரில் ஒரே ஒரு படம்தான் எடுக்க நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் சொல்வேன். பேராவில் பிற்பகல் மழை சகஜம். மழைவிட்டு மேகம் மேற்கே மட்டும் விலகும் நாளில், கருத்த வானத்துக்கு எதிரே ரயில் மின்னும். அந்த அரைமணி நேரத்துக்காக விரிவுரை முடிந்ததும் மோட்டாரில் பறந்திருக்கிறேன். பெரும்பாலான நாட்களில் மழை விடாது.

உங்கள் ஊரில் பாதை எந்தத் திசையில் ஓடுகிறது, மலையோ அடுக்குமாடியோ எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்து இந்தக் கணக்கை நீங்களே போடலாம். சூரியன் எந்த நாளில் எங்கே நிற்கும் என்று வரைபடத்தின் மீதே கோடு போட்டுக் காட்டும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

அட்டவணையும் அட்டவணையில் இல்லாததும்

பயணிகள் ரயிலின் நேரம் கே.டி.எம். செயலியிலேயே இருக்கிறது. நாம் நிற்கும் இடம் நிலையத்தில் இல்லை என்பதால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு இரண்டு கிலோமீட்டர். நிலையத்துக்கு ஆறு கிலோமீட்டர் தெற்கே நிற்கிறீர்கள், ரயில் தெற்கிலிருந்து வந்து அந்த நிலையத்தில் நிற்கப்போகிறது என்றால், நிலைய நேரத்துக்கு மூன்று நான்கு நிமிடம் முன்பே உங்களைக் கடக்கும். எல்லா இ.டி.எஸ்.ஸும் எல்லா நிலையத்திலும் நிற்பதில்லை. நிற்காத ரயிலுக்கு, அது நிற்கும் முந்திய நிலையத்தின் நேரத்தையும் அடுத்த நிலையத்தின் நேரத்தையும் வைத்து நடுவில் கணிக்க வேண்டும். பத்து நிமிடம் முன்னால் போய் நில்லுங்கள். தாமதமாக வந்த ரயிலை யாரும் தவறவிடுவதில்லை.

கொமுட்டர் வடக்கே தஞ்சோங் மாலிமோடு நின்றுவிடுவதால், கம்பாரில் நமக்குப் பயணிகள் ரயில் என்றால் இ.டி.எஸ். மட்டுமே. மாற்றத்துக்குச் சரக்கு ரயில்கள் உண்டு. போர்ட் கிள்ளானுக்கும் பாடாங் பெசாருக்கும் இடையே ஓடும் கொள்கலன் ரயில்கள், சிமெண்டு ரயில்கள். மின்கம்பிக்குக் கீழேயே இவற்றை டீசல் இன்ஜின்கள் இழுத்துக்கொண்டு போகும். பொது அட்டவணையில் இவை கிடையாது. சில வாரம் ஒரே இடத்துக்குப் போய், கடந்த நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால் ஓரளவு பிடிபடும். என் குறிப்பேட்டில் ரயிலைவிடக் காத்திருந்த நேரம்தான் அதிகம் இருக்கிறது. செமஸ்டர் பாடங்களுக்கு இப்படிக் குறிப்பெடுத்தால் அம்மா சந்தோஷப்படுவார்.

கேமரா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதற்கென்று நிறைய பேர் எழுதுகிறார்கள். 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஆயிரத்தில் ஒரு விநாடியில் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் நகர்கிறது, இருநூற்றைம்பதில் ஒரு விநாடியில் பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல். பக்கவாட்டில் நின்று எடுத்தால் அந்த வேறுபாடு படத்தில் அப்படியே தெரியும். வளைவில் சற்று முன்பக்கமாக நின்றால் அவ்வளவு தெரியாது. கைப்பேசியில் என்றால் தொடர்ச்சியாகப் பல படம் எடுக்கும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், ஓட்டுநரின் கண்ணைக் கூசவைக்கும்.

கேமரா இல்லாமல் ஒரு முறை

வரைபடத்தில் பிடித்த இடத்துக்கு முதல் தடவை கேமரா இல்லாமல் போவது என் வழக்கம். வேலி எவ்வளவு உயரம், லாலான் புல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, பாலத்தில் நடைபாதை இருக்கிறதா, லோரி உரசிக்கொண்டு போகுமா, மோட்டாரை எங்கே நிறுத்துவது, தெருநாய்கள் எத்தனை என்பதெல்லாம் செயற்கைக்கோளுக்குத் தெரியாது. மின்கம்பிக்கு மேலே போகும் பாலங்களில் பக்கச்சுவர் உயரமாக இருக்கும், சிலவற்றில் கம்பி வலையும் போட்டிருப்பார்கள். வலை இருக்கும் பாலத்தில் ஏறி நிற்கப் பார்க்காமல் அடுத்த பாலத்தைத் தேடுவது நல்லது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கேமராவோடு போகும் புதிய ஆளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். கேமரா இல்லாமல் போய், பக்கத்துத் தாமானில் ஒரு கடையில் தே தாரேக் குடித்துவிட்டு, நான் இன்னார், படிக்க வந்திருக்கிறேன், ரயில் படம் எடுப்பேன் என்று சொல்லிவிட்டால் அடுத்த முறை கையசைப்பார்கள். "அடிக், பூவாட் ஆப்பா சினி?" என்று கேட்கும் பாக்சிக்கும், "என்ன தங்கச்சி, வழி தெரியலையா?" என்று மோட்டாரை நிறுத்தும் அண்ணனுக்கும் பதில் அதேதான். எடுத்த படத்தைக் காட்டினால் பேச்சு நீளும். தண்டவாளப் பராமரிப்பில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவின் பழக்கம் எனக்கு இப்படித்தான் கிடைத்தது. வரைபடத்தில் நான் கவனிக்காமல் தாண்டிப்போன ஒரு சந்தை அவர்தான் காட்டினார். சந்தின் முனையில் ஒரு சின்னக் கோயில். அதன் வாசலில் நின்றால் வேலிக்கு மேலே ரயில் முழுதாகத் தெரிகிறது.

கோயில் அங்கே இருப்பது தற்செயல் இல்லை. நாட்டில் பல ஊர்களில் தண்டவாளத்தை ஒட்டி இந்துக் கோயில்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாதை போட்டவர்களும் அதைப் பராமரித்தவர்களும் தங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்ட சாமிகள் அவை. படத்தில் ரயிலோடு அந்தக் கோபுரமும் வரும் என்றால் நான் எந்த மலையையும் விட்டுவிட்டு அங்கேதான் நிற்பேன்.

மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. ஆளில்லாத இடத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். எங்கே நிற்கிறேன் என்பதைக் கைப்பேசியில் இருப்பிடமாகத் தோழிக்கு அனுப்பிவிட்டுத்தான் நான் கேமராவையே திறப்பேன். ஊழியரோ காவலரோ போகச் சொன்னால் வாதாடாமல் கிளம்பிவிடுங்கள். நிலைய மேடைக்குள் போகப் பயணச்சீட்டு வேண்டும். படம் எடுக்கிறேன் என்று நிலைய அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ட்ரோன் பறக்கவிடுவதற்குத் தனி அனுமதி, தனி விதிகள். மின்கம்பி இருக்கும் இடத்தில் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கம்பாரைத் தாண்டி

பேராவில் படிப்பவர்களுக்கு விடுமுறை நாளில் போக அருமையான இடங்கள் இருக்கின்றன. ஈப்போ நிலையம் ஏ.பி. ஹப்பேக் வடிவமைத்து 1917இல் முடிந்த கட்டடம். முகப்பு கிழக்கே பார்த்து நிற்பதால் காலையில் போக வேண்டும், மாலையில் போனால் வெள்ளைக் கட்டடம் சாம்பல் நிறமாக வரும்.

கோலகங்சார் அருகே காராய் என்ற இடத்தில் பேரா ஆற்றின் குறுக்கே விக்டோரியா பாலம் இருக்கிறது. 1900இல் திறந்த ஒற்றைத் தண்டவாள இரும்புப் பாலம். 2002 முதல் அதில் ரயில் ஓடுவதில்லை, பக்கத்திலேயே புதிய பாலம் கட்டிவிட்டார்கள். பழைய பாலத்தின் ஓரமாக மக்கள் கடக்கும் குறுகிய நடைபாதை ஒன்று உண்டு. அங்கே நின்று புதிய பாலத்தில் ரயில் ஆற்றைக் கடப்பதைப் பார்க்கலாம். வேலிக்கு வெளியே, விதியை மீறாமல், இவ்வளவு அருகில் ஆற்றின் மேல் ரயில் தெரியும் இடம் இந்த மாநிலத்தில் எனக்கு வேறு கிடைக்கவில்லை.

இன்னும் வடக்கே புக்கிட் மேரா. பாசனத்துக்காக நூறாண்டுக்கு முன் உருவாக்கிய ஏரியின் நடுவே பாதை போகிறது. கரையிலிருந்து பார்த்தால் ரயில் தண்ணீர்மேல் போவதுபோல் இருக்கும். அங்கே நீண்ட லென்ஸ் தேவையில்லை. ஏரி முழுக்கத் தெரியும்படி எடுத்தால்தான் அந்த இடத்துக்கு மரியாதை.

தைப்பிங் வரை போகிறவர்கள் கோலா செப்பெத்தாங்குக்கும் போய் வாருங்கள். அங்கே இன்று ஒரு ரயிலும் வராது. அந்த ஊரின் பழைய பெயர் போர்ட் வெல்ட். தைப்பிங்கிலிருந்து அங்கே போன ஏறக்குறைய 13 கிலோமீட்டர் பாதைதான் மலாயாவின் முதல் ரயில் பாதை. 1885 ஜூன் 1ஆம் தேதி திறந்தார்கள். அதைப் போடுவதற்கு இலங்கையிலிருந்து பயனியர் படைத் தொழிலாளர்களை வரவழைத்தார்கள். பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும், தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தண்டவாள வேலையிலும் இந்த நாட்டின் ரயிலோடு தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். தண்டவாளம் போய்விட்டது. பெயர்ப்பலகை நிற்கிறது, அதில் ஊரின் பெயர் தமிழிலும் இருக்கிறது. பழைய நிலையப் பலகைகளில் தமிழ் இருந்ததைப் புத்தகத்தில் படிப்பது ஒன்று, அதன் முன்னால் நின்று படிப்பது வேறு.

எதை எடுப்பது

நல்ல இடம் கிடைத்த பிறகும் பெரும்பாலோர் ரயிலின் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ரயிலின் முகம் தயாரிப்பு நிறுவனத்தின் படத்தொகுப்பிலேயே இருக்கிறது. அந்த ஊரில், அந்த ஆண்டில் ரயில் எப்படிக் கடந்தது என்பதுதான் யாரிடமும் இருக்காது.

சிங்கப்பூர் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு புறப்பட்டது. ஜொகூர் சுல்தானே அதை ஓட்டினார். அந்தக் கடைசி நாட்களில் பாதையோரம் எங்கும் கூட்டம், எல்லார் கையிலும் கேமரா. அந்த இரவின் படங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. அதே பாதையில் சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில், துணி காய்கிற கொடிக்குப் பின்னால் போன ரயிலின் படத்தைத் தேடிப் பாருங்கள், எவ்வளவு குறைவு என்று தெரியும்.

எங்கள் ஜொகூரிலும் கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரை மின்மய இரட்டைப் பாதை வந்துவிட்டது. வேகமான ரயில் வந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான், குளுவாங்குக்குப் போக இனிப் பேருந்தில் இடுப்பொடிய உட்கார வேண்டாம். ஆனால் நான் படிவம் நான்கில் கைப்பேசியில் எடுத்த மங்கலான படங்களில் இருக்கும் கேட்டும், ஒற்றைத் தண்டவாளமும், வேலியில்லாத புல்வெளியும் இப்போது இல்லை. அதில் ஒரு படத்தில் கேட்டுக்குப் பின்னால் காத்திருக்கும் மோட்டார்களில் எங்கள் அப்பாவின் மோட்டாரும் இருக்கிறது. படம் எடுத்தபோது அதை மறைக்கக்கூடாதென்று யோசித்து எடுக்கவில்லை. ரயிலை மட்டும் நெருக்கி எடுக்க என் பழைய கைப்பேசியில் வசதியில்லை, அதனால்தான் ஊரும் படத்துக்குள் வந்தது.

இப்போது நல்ல லென்ஸ் இருக்கிறது. இருந்தாலும் ஒவ்வோர் இடத்திலும் ரயிலை நெருக்கி ஒன்று, ஊரோடு விரித்து ஒன்று என இரண்டு எடுக்கிறேன். கம்பாரில் விரித்து எடுத்தவற்றில் மலையும் கடைவீட்டுக் கூரைகளும் பள்ளி முடிந்து சைக்கிளில் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிள்ளைகளின் முகம் அடையாளம் தெரியும்படி இருந்தால் அதை எங்கும் வெளியிடுவதில்லை.

எடுத்த படங்களைக் கணினியில் ஏற்றும்போது கோப்பின் பெயரிலேயே தேதி, நேரம், நின்ற இடம், ரயில் எண், போன திசை ஐந்தையும் எழுதி வையுங்கள். ஐந்து நிமிட வேலை. இடத்தின் பெயரை எழுதும்போது வரைபடத்தில் இருக்கும் பெயரோடு, அங்கே இருப்பவர்கள் அழைக்கும் பெயரையும் கேட்டு எழுதுங்கள். தாத்தா காட்டிய சந்துக்கு வரைபடத்தில் ஓர் எண் மட்டுமே இருக்கிறது. அங்குள்ளவர்கள் அதை 'லயன் ரோடு' என்கிறார்கள். லயன் வீடுகள் இடிபட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டதாம்.